அவரிடமே கேளுங்கள்

உங்களுக்கு,

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. மாத்திரைகள் வழக்கமான டப்பாவில்.

புள்ளிவிவர அலுவலகத்தைப் பலப்படுத்த வெளிநாட்டு நிதி வந்ததும் நீங்கள் முதலில் கொண்டுவந்தது ஒரு விதியை. "பெண்கள் செய்யும் வேலையைப் பெண்களிடமே கேளுங்கள். புருஷன் சொல்வது பதில் ஆகாது." பயிற்சி வகுப்புக்கு முன் அதைக் கண்ணாடி பார்த்துச் சொல்லிப் பழகினீர்கள். நன்றாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

போன மாதம் கணக்கெடுப்புக் குலுக்கலில் நம் வீடும் விழுந்தது. வந்த பெண் என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ வீட்ல சும்மாதாம்மா இருக்கா. போட்டுக்கோ."

"சார், அவங்ககிட்டயே கேக்கணும்னு நீங்கதான்..."

"பரவாயில்லையே, பாடம் ஞாபகம் இருக்கே" என்று சிரித்தீர்கள். அவளும் போட்டுக்கொண்டாள். நான் அப்போது தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். நம் மகளைப் படிக்கவைத்த மெஷின்.

முதலில் வாங்கிய பதில் சரிதானா என்று பார்க்க அதே வீட்டுக்கு வேறொருவரை அனுப்புவதும் உங்கள் ஏற்பாடுதான். நேற்று அவர் வந்தார். நீங்கள் வெளியூர் மாநாட்டில் இருந்தீர்கள். என்னையே கேட்டார்.

என்ன வேலை என்றார். தையல் என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்றார்.

"ஒருத்தர்தாங்க. வெளியூர் போயிருக்கார்."

இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் அது உங்கள் மேஜைக்குத்தானே வரும்? எது சரி என்று வீட்டைச் சுற்றிப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
சும்மா இருந்தவள்