பச்சை எண்ணெயில் விட்ட கை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே, இடது கையால் எழுதுகிறேன்.

நீ உடைக்கும் முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயைக் காய்ச்சித்தான் இங்கே ஆலையில் பெயின்டுக்கான பிசின் செய்கிறோம். போன வாரம் வாங்க வந்தவர்கள், "கையில பட்டா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எண்ணெய் வாளியைக் காட்டினார்.

"இவன் அம்மா இருபது வருஷமா வெறுங்கையால கொட்டை உடைக்குது. எல்லாம் இயற்கைதான். கையை விடுடா."

"சார், இது காய்ச்சாத பச்சை எண்ணெய்" என்றேன்.

"வேலை வேணுமா, வேணாமா?" என்று காதருகே சிரித்தார்.

மணிக்கட்டு வரை விட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், ஆர்டரும் கிடைத்தது. தோல்தான் கொஞ்சம் உரிந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

மெல்லிய பழைய துணி இருந்தால் அனுப்பு. எரிச்சலுக்கு நீ என்ன தடவுவாய் என்றும் எழுது. சோறு பிசைய முடியாமல் நீ ஒரு நாள் கரண்டி கேட்டபோது, "பெரிய மகாராணி" என்று சிரித்தேனே, அம்மா. அன்றைக்கே என்னை ஓர் அறை விட்டிருக்கலாம் நீ.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்