அண்ணன் கைதட்டிய இடம்

ஜனவரி, ஞாயிறு

நினைவு மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும் பரிசோதனை இசைக் கச்சேரியில் இன்று முதல்முறையாக நானும் வாசித்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அண்ணன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

முதலில் இரும்புத் தகட்டின் விளிம்பில் வயலின் வில்லை இழுத்து வாசித்தேன். பிறகு ஒரு நீண்ட மௌனம். அதற்குப் பின் வரும் பாட்டுக்காகத்தான் ஒரு வருடம் உழைத்தேன். மௌனத்தின் நடுவில் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினான். மண்டபமே சேர்ந்து தட்டியது. பாடாமலே வணங்கிவிட்டு இறங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் கேட்டான்.

"இன்னா பாப்பா, உம்முனு வர்ற?"

"எதுக்குண்ணா தட்டின?"

"வாசிச்சு முடிச்சிட்டு தலைய குனிஞ்சிகினு தனியா உக்காந்துனு கீற. ஒருத்தனும் தட்டல. எனுக்கு பேஜாராயிடுச்சு. சும்மா வுடுவனா?"

பாட்டு பாக்கி இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் உள்ளங்கைகள் இன்னும் சிவந்திருந்தன.

"நல்லா தட்டினண்ணா" என்றேன்.

"அடுத்த வருசம் எங்க செட்டையே இட்டாறேன், பாரு."

வரட்டும். மௌனத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.