ஏன் ஐந்தால் வகுக்க வேண்டும்?

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. போனில் பேசினால் ரேடியோவை அணைக்கிற மாதிரி பாதியிலேயே வெட்டிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னமே சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் உன் அப்பா அடித்த பெயிண்ட், பால் ஆடை மாதிரி மறுபடியும் கிளம்பி வந்துவிட்டது. கடைக்காரன் கலப்படம் பண்ணிவிட்டான் என்று மச்சான் குதித்தார். இன்னொரு தரம் உரிந்தால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே நாலு தரம் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டேன்.

நீ போனில் சொன்ன கணக்கை உன் அப்பாவிடம் என் கணக்காகவே சொன்னேன். வேறென்ன செய்ய? நீ வேலைக்குக் கிளம்பிய அன்று ஆட்கள் எதிரில், ஈரத்தை அளந்து பார்த்து அடிங்கப்பா என்றாய். எனக்கே பாடமா என்று அவர் கத்தினார். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. உன் பேரை எடுத்தால் பெயிண்ட் டப்பாவை என் தலையிலேயே கவிழ்ப்பார்.

ஈரம் காட்டும் மீட்டரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். நீங்கள் எங்கே படித்தீர்கள் சார் என்று மேனேஜரே கேட்டார். வெளிநாட்டில் என்று சொல்லி வைத்தேன். ஆட்களுக்கும் விளக்கினேன்: காற்று சூடாக இருந்தால் நிறையத் தண்ணீரை மடியில் கட்டிக்கொள்ளும், குளிர்ந்தால் தாங்காமல் கண்ட இடத்தில் கொட்டிவிடும். எந்தச் சூட்டில் கொட்ட ஆரம்பிக்கிறதோ, அதுதான் பனிப்புள்ளி. தொட்டி இரும்பில் அப்படிக் கொட்டிய ஈரத்தின் மேல் அடித்தால் பெயிண்ட் பிடிக்காது.

காலையில் காற்றின் சூடு முப்பது, ஈரம் நூற்றுக்கு எண்பது. நூறில் எண்பது போனால் இருபது, ஐந்தால் வகுத்தால் நாலு. அந்த நாலை நான் நூறோடு கூட்டிவிட்டேன். காற்றுக்கு ஜுரமா, டாக்டரைக் கூப்பிடவா என்றார் உன் அப்பா. அப்புறம் முப்பதிலிருந்து கழித்தேன், இருபத்தாறு வந்தது. இரும்பு அதைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்கணும் என்றாயே, தகடு இருபத்தேழுதான் காட்டியது. கை வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இத்தனை வருஷமும் மச்சான் அந்தக் கையை நம்பித்தான் வெயிலுக்கு முன்னால் அடித்து முடித்தார்.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் ஏணியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். உன் அப்பா மீட்டரையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், இது உன் மண்டையில் முளைத்த கணக்கு இல்லை என்றார். எல்லார் முன்னாலும், என் பொண்ணு கணக்கு தப்பாது, பிரஷ்ஷைக் கீழே வையுங்கடா என்றார். கண் கலங்கிவிட்டது. பெயிண்ட் நெடி என்று துடைத்துக்கொண்டார்.

வெயில் ஏறி, திரும்பக் கணக்குப் போட்டு, இரும்பு தேறிய பிறகுதான் முதல் பூச்சு. கெட்டியாகப் பிடித்திருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திட்டும் வாங்கினேன்.

இரண்டாவது பூச்சுதான் நிற்கிறது. மழை. ஈரம் தொண்ணூறுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. மேனேஜர் அவசரப்படுத்துகிறார். உன் அப்பா தினமும் ஏணிப் பலகையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடிக்காமல் திரும்பி வருகிறார். நேற்று என்னிடம், ஏன் ஐந்தால் வகுக்க வேண்டும், ஆறால் வகுத்தால் என்ன என்றார். கைக்கு ஐந்து விரல், அதனால்தான் என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

நீயே அவரைக் கூப்பிட்டுச் சொல்லம்மா. எடுப்பார். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன்
ரேடியோ மாமா

பி.கு.: என் பொண்ணு கணக்கு தப்பாது என்றதும், கண் கலங்கியதும் நான் சேர்த்தது. ஆட்களிடம் பிரஷ்ஷைக் கீழே வையுங்கடா என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் அந்த ஐந்தைப் பற்றிக் கேட்டது சத்தியம். இன்று காலையிலும் கேட்டார்.