சுக்குவுக்குப் புல் மாற்றியாயிற்று, அக்கா

எனக்குச் சோறு வைக்கும் முன்னே முயலுக்குப் புல் வைக்கிற என் அக்காவுக்கு,

உன்னைக் கொன்றது அண்டியாபீஸ் தூசி. முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும் அந்த அடைத்த அறையில் பறக்கிற தூசி. நெஞ்சுச்சளி முற்றிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

உன் முயலைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். சுக்கு இருக்கிறது. நீ போன பிறகு அதற்குப் புல் அறுக்க ஆளில்லை. அம்மா மாமா வீட்டுத் தொழுவத்திலிருந்து வைக்கோல் கொண்டுவந்து போட்டாள். கன்னிப்பூ நெல்லறுப்பில் மழை நனைத்த வைக்கோல், ஈரம் போகுமுன் மிஷினில் சுருட்டிக் கட்டியது. பிரித்தால் வெள்ளையாகப் பொடி பறக்கும்.

"மாட்டுக்கு ஆவும், மொயலுக்கு ஆவாதாக்கும்?" என்றாள்.

ஆகவில்லை. சுக்கு தும்மத் தொடங்கியது. மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் ரோமம் பிசினாக ஒட்டிக்கொண்டது. வைக்கோலை ஒதுக்கியது, பாவம் என்று அம்மா சோறும் தவிடும் வைத்தாள். வயிறு உப்பி, புழுக்கை நின்றுவிட்டது. கூடையில் வைத்துத் தக்கலைக்கு பஸ் ஏறினேன்.

மாட்டு டாக்டர் உடனே ஊசியை எடுக்கவில்லை. "இது எங்க கெடக்கு? என்னத்தத் திங்குது?" என்றுதான் கேட்டார். கூடையில் விரித்திருந்த வைக்கோலை மேசையில் தட்டினார். பொடி எழும்பியது. "இத இழுத்தா மூக்கு எப்படிப்பா தாங்கும்? நல்லா காஞ்ச நீளப்புல்லு குடு. அதுதான் இதுக்குக் கொடல ஓட்டும்."

அக்கா, உன்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? ஆஸ்பத்திரி வரிசையில் எத்தனை தடவை நின்றோம். சிவப்பு மருந்து தந்தார்கள், மாத்திரை தந்தார்கள். எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முயலுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

இப்போது தென்னந்தோப்பில் கினியாப்புல் அறுக்கிறேன். பூக்கும் முன்னே அறுத்து, மாடியில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, முற்றத்தில் உதறிவிட்டுத்தான் கூட்டில் வைக்கிறேன். மழை தூறினால் ஓடிப்போய் வாருகிறேன். வயிறு சரியாகிவிட்டது; புழுக்கை பழையபடி உருண்டையாக விழுகிறது. தும்மல் மட்டும் விடவில்லை. இனி முழுதாக விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்: அண்டியாபீஸில் உன் இடத்தில் இப்போது அம்மா உட்கார்கிறாள். இருமத் தொடங்கிவிட்டாள். ஐடிஐ முடித்த எனக்குக் கூப்பிட்ட நாள் வேலை, கூப்பிடாத நாள் புல்.

மேனேஜரிடம் போய், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள் என்றேன்.

"காத்து பட்டா பருப்பு நமத்துப் போவும் தம்பி, தோலு வராது. முடியலன்னா ஒங்கம்மைய நிறுத்திக்க" என்றார். அந்த இடத்துக்காக வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பருப்புக்கு நோகக்கூடாது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் போகவேண்டாம் என்றேன். சிரித்தாள். "மொயலுக்குப் புல்ல ஒதறிப் போடுத. எனக்கு அண்டியாபீஸ ஒதறித் தருவியாலே மக்கா?" சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சுக்கு இருக்கும்வரை பொடி பறக்கிற புல் அதன் கூட்டுக்குள் போகாது. இந்த ஒன்றை மட்டும் உனக்கு உறுதியாகச் சொல்ல முடிகிறது. அம்மாவைப் பற்றித் தர என்னிடம் எந்த வாக்கும் இல்லை. விடிந்தால் தூக்குப்போணியோடு கிளம்பிவிடுவாள். என் பேச்சைக் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். போகாதே என்று ஒரு தடவை சொல்லு அக்கா.

சொல்லு.

உன் தம்பி