எல்லா வீடியோவுக்கும் பச்சைச் சரி

12 செப்டம்பர் 2011, திங்கள், வெஸ்ட்மீட்

இன்று விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். தாதியர் படிப்பின் இணையத்தளத்தில் எல்லா வீடியோக்களுக்கும் முழுதும் பார்த்ததற்கான பச்சைச் சரி அடையாளம் எனக்கு விழுந்திருக்கிறதாம். இவ்வளவு பார்த்தும் இதயப் பாடத்தில் ஏன் பெயில் என்று கேட்டார். நான் பாதிகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரைக் கேட்டேன்.

"நீர் வேலையால வந்து களைச்சுப் படுத்திடுறீர். சரி விழுந்தா மார்க்ஸ் கூடுமெண்டு நான்தான் இருந்து வீடியோ எல்லாத்தையும் ஓடவிட்டனான்."

"அப்ப சோதினையையும் நீங்களே எழுதுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் தன் நெஞ்சில் விரலால் இதயத்தின் நாலு அறைகளையும் கீறிக் காட்டினார். இரத்தம் எதற்குள் நுழைந்து எங்கே போகிறதென்று சொன்னார். ஒரு வால்வைக்கூடப் பிழையாகச் சொல்லவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று குறிப்பெழுதக் கொப்பியை எடுத்தேன்.