ராமராமா மரத்தில் மஞ்சள் தூள்

அன்புத் தம்பிக்கு,

பெர்த்தில் சுரங்க வேலை எப்படிப் போகிறது? இங்கே ஒபோட்டிகியில் அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. இந்த ஆண்டு கடலில் சிப்பி நிறைய.

நம் வழக்கப்படி உன் மகள் வைமாரியின் நஞ்சுக்கொடியைப் புதைத்து அதன்மேல் நீ நட்டாயே, அந்த ராமராமா மரத்தின் தளிரில் போன ஞாயிறன்று மஞ்சள் தூளைப் பார்த்தேன். ஆய்வகத்தில் நான் தினமும் நுண்ணோக்கியில் பார்க்கும், இந்த மரங்களைக் கொல்லும் அதே பூஞ்சையின் வித்துகள். அவற்றைக் காற்று மலை முழுவதும் கொண்டுபோய்விடும்.

"பாக்காத மாதிரி போயிடேன்டி," என்றாள் அம்மா.

"மேல தோப்பு முழுக்க இதே மரம்தானேம்மா," என்றேன். நானே அரசின் நோய்த்தடுப்புத் துறைக்குத் தகவல் கொடுத்தேன்.

ஆட்கள் வந்து மரத்தை வெட்டிப் பைகளில் கட்டினார்கள். மறுபடி துளிர்க்காமலிருக்க அடிக்கட்டையில் மருந்து ஊற்றினார்கள். என் கையைப் பிடித்தபடி நின்ற வைமாரி கேட்டாள்: "அத்தை, கீழ நான் இருக்கேனே. என்மேலயும் ஊத்துறாங்களா?"

"மரத்துக்கு மட்டும்தான்டா," என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

காற்றில்தான் வந்திருக்கும் என்கிறார்கள் எல்லோரும். நானும் ஆய்வகத்தில் குளித்து, உடை மாற்றித்தான் வீட்டுக்கு வருகிறேன். தலையைக்கூட அலசுகிறேன். பெரும்பாலான நாட்களில்.

நேற்று மேலே போய்த் தோப்பு முழுவதையும் பார்த்தேன். ஒரு இலையில்கூட மஞ்சள் இல்லை. அதைச் சொல்ல வைமாரியின் அறைக்கு ஓடினேன். அவள் கதவைத் திறக்கவில்லை.

முடிந்தால் வந்துவிட்டுப் போ.

உன் அக்கா