தம்பி கம்பெனியில் நானும் பங்குதாரர்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடையில் இன்றும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரையில் அந்த வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்ற, சீட்டும் கையுமாக ஏழெட்டுப் பேர் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். “நெட் ஸ்லோவா இருக்குங்க, கொஞ்சம் பொறுங்க” என்றேன். நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. பில் போடும் சாஃப்ட்வேர்தான் படுத்துவிட்டது. ஆனால் அதைச் செய்வது தம்பி வேலை பார்க்கும் கம்பெனி. கடை முதலாளியை நச்சரித்து அதை வாங்க வைத்ததும் நான்தான். எந்த வாயால் குறை சொல்வேன்?

அக்கா மட்டுமா நான்? பங்குதாரர் வேறு! சமையலறையை இடித்துக் கட்டச் சேர்த்ததையெல்லாம் அந்தக் கம்பெனிப் பங்கில்தான் போட்டிருக்கிறேன். வாங்கிய விலையில் இப்போது கால்வாசிகூட இல்லை.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் இதைக் கேட்க மட்டும் தெம்பு இருக்கிறது: “முதலாளியம்மா, உங்க கம்பெனி இன்னிக்காவது எழுந்து உட்கார்ந்துச்சா?”

மார்ச் 19

பங்கு விலை இறங்கியிருக்கிறது.

மார்ச் 20

இன்னும்.

ஏப்ரல் 9, புதன்

தம்பி என்னைப் பங்கு வாங்கச் சொல்லவே இல்லை. அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று நேரே இங்கே வந்து, கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான். “பங்கு கிங்குன்னு எதுலயும் போய்ப் போட்டுடாதக்கா” என்றுதான் சொன்னான். கூச்சத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அம்மா போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. அவன் கை வைத்தது விளங்காமல் போகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

வீட்டுக்காரர் இன்று கிண்டல் இல்லாமல் கேட்டார். “மிச்சத்தையாவது எடுத்துடலாமே?”

எடுக்கலாம். எடுத்தால், உன்மேல் நம்பிக்கை போச்சுடா என்று அவனிடம் சொன்ன மாதிரி ஆகாதா? மாட்டேன்.

பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது. இப்போதைக்கு வாளி வைத்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். பாதியாய் இளைத்திருக்கிறான். அவன் பிரிவில் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்களாம். எல்லார் வேலையும் இவன் தலையில். கை கழுவப் போனவனைக் காணோமே என்று பார்த்தால், வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கூடத்துக்குப் போய்விட்டான்.

அவன் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “அண்ணி, இவரை வேற கம்பெனில கூப்பிடுறாங்க. மறுபடி மறுபடி கேட்டுட்டாங்க. போக மாட்டேங்கிறார். அக்கா பணம் இதுல கிடக்கு, நான் மட்டும் எப்படி எழுந்து போறதுங்கிறார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இவனுக்காக நான் விற்காமல் இருக்கிறேன். எனக்காக இவன் போகாமல் இருக்கிறான்! அசட்டுத்தனத்தில் அக்காவும் தம்பியும் ஒன்று. அடேய், உன் உடம்பைவிட எனக்குச் சமையலறையா பெரிசு?

மே 12, திங்கள்

விற்றுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போனிலேயே. கிடைத்ததில் குழாயை மாற்றலாம். சமையலறை — அதை விடு.

அந்தக் கையோடு அவனைக் கூப்பிட்டேன்.

“வித்துட்டேன்டா.”

“என்ன விலைக்குக்கா?”

“போட்டது வந்துடுச்சு. வேற எங்கயாவது நல்ல இடமா வந்தா நீயும் கிளம்பு.”

அவன் கம்பெனி விலை அவனுக்குத் தெரியாதா? ஆபீஸ் வாசலிலேயே திரையில் ஓடுமாம்.

“சரிக்கா” என்றான்.

ஜூன் 7

குழாயை வீட்டுக்காரரே மாற்றினார். தொப்பலாக நனைந்துகொண்டே, “முதலாளியம்மா பதவி போனா என்ன, உனக்கு நான் இருக்கேன்” என்றார். போதும் போ.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தம்பி புது இடத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று சொல்லாமல் கடைக்கு வந்தான். நல்ல கூட்டம். அவன் வந்த நேரம் பார்த்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் வாய் தானாகச் சொன்னது: “நெட் ஸ்லோவா இருக்குங்க...”

“நெட்டுக்கு என்னக்கா கேடு?” என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் விலையைச் சொல்லச் சொல்ல அவன் கையால் பில் எழுதினான். அதே கோணல் எழுத்து. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். “அன்னிக்கு விலை எனக்குத் தெரியும்க்கா.”

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டா. இருமல் மருந்தை விட்டுட்டே பாரு, அதையும் எழுது.”

எழுதினான்.